முட்டை, கஞ்சி, எண்ணெய், ஒரு வலது கை

அன்று காலை அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைச் சொல்லிவிடுகிறேன். தலைமாட்டில் சர்ஜன். அவர் பக்கத்தில் கத்திரியோடு தீக்காய வார்டு சிஸ்டர். கால்மாட்டில் எங்கள் டயட் மேடம் கலைவாணி. ஜன்னல் ஓரம் நோயாளியின் மனைவி நூர்ஜஹான். அடுத்த கட்டிலில், காலில் தீக்காயத்தோடு படுத்திருந்த டயர் கடை மணி. அவரும் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சாப்பாட்டு டிராலியோடு நான். கட்டிலில் காதர் பாய்.

கட்டைப் பிரித்தார்கள். வலது கை, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. புண் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தது. சர்ஜன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தொடையிலிருந்து தோல் எடுத்து இதன்மேல் ஒட்ட வேண்டும், ஆனால் இந்தப் புண்ணில் ஒட்டினால் நிற்காது என்றார். ரத்தத்தில் புரதம் மூன்றைத் தாண்ட வேண்டுமாம். பாய்க்கு இரண்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

“இப்படியே தள்ளிப்போனா விரல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் நான் என்ன பண்ணாலும் கை மூடாது” என்றார்.

காதர் பாய் பூந்தமல்லியில் பிரியாணி மாஸ்டர். கல்யாண வீட்டில் தேக்சா அண்டாவை இறக்கும்போது பிடி நழுவி, கொதிக்கிற கறிக்குழம்பு கையில் கொட்டிவிட்டது. இடது கையில் மணிக்கட்டோடு நின்றது. வலது கையில் தோல் எல்லாம் போயிருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“கரண்டி புடிக்க முடியுமா சார்?”

“முதல்ல சாப்பாடு உள்ள போகட்டும்” என்று சர்ஜன் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். தட்டு காலியாகத்தானே வருகிறது என்று கேட்டார். ஆமாம் என்றேன். காலியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

நான் அம்பத்தூர் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் செல்வி. இப்போது அந்தக் கிச்சனில் பாதியை மூடிவிட்டார்கள். டப்பாவில் பவுடர் வருகிறது, வெந்நீரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். பவுடர் நல்லதுதான். அளவு சரியாக இருக்கும், குழாயில் அடைக்காது. குறை சொல்ல மாட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்கள், டப்பா இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டு, எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் போன பிறகு திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வேலைக்கு வந்தேன். முதலில் பாத்திரம் கழுவினேன். பிறகு காய் நறுக்கினேன். பிறகு கஞ்சி, பிறகு டிராலி. இதில் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை.

கலைவாணி மேடம் வந்த பிறகுதான் என்ன வேலை செய்கிறேன் என்றே தெரிந்தது. என்னைவிட வயதில் சின்னவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கிச்சனுக்குள் வந்தால் பேசமாட்டார், மூடியைத் திறப்பார். மோந்து பார்ப்பார். கரண்டியால் எடுத்து, சரிகிறதா, சொட்டுகிறதா என்று பார்ப்பார். சரியில்லை என்றால் மூடியைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போவார். நாங்கள் மறுபடி காய்ச்சுவோம். அவ்வளவுதான் திட்டு.

அவர் வருமுன் தட்டில் போகிறதை மட்டும் எடை போடுவோம். மேடம், திரும்பி வரும் தட்டையும் எடை போடச் சொன்னார். மீந்த கஞ்சி, தொடாத முட்டை, ஒதுக்கின காய், எல்லாம் தனித்தனியாக. கிச்சனில் எல்லோருக்கும் எரிச்சல். எச்சில் தட்டையா தராசில் வைப்பது என்றார்கள். மேடம் முதல் வாரம் தன் கையாலேயே எடுத்து வைத்தார். பிறகு யாரும் பேசவில்லை.

‘சத்தான சாப்பாடு’ என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்தச் சத்து என்பார். உயிருள்ளது எதுவாக இருந்தாலும், மனுஷனோ மாடோ வாழை மரமோ, உள்ளே இருக்கும் பெரிய சரக்கு நாலுதான் என்பார். மாவுச்சத்து, கொழுப்பு, புரதம், நாலாவது டிஎன்ஏ வகை. சின்னச் சின்ன துண்டுகளைக் கோத்துக் கோத்துச் செய்த நீளச் சங்கிலிகள் என்பார். கொழுப்பு மட்டும் அப்படிக் கோத்தது இல்லை, ஆனாலும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்பார். சொல்லும்போதும் கை எதையாவது கிளறிக்கொண்டிருக்கும்.

எனக்கு அது புரிந்தது கேழ்வரகில்தான். மூக்குக் குழாயில் கொடுக்கும் கஞ்சி தண்ணீராக இருந்தால் சத்து போதாது. கெட்டியாக இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீரை ஊற்றினால் வயிறு நிறையும், உடம்புக்கு ஒன்றும் சேராது. மேடம் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, லேசாக வறுத்து அரைக்கச் சொன்னார். கெட்டிக் கஞ்சியைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறச் சொன்னார். சற்று நேரத்தில் கரண்டியில் நின்ற கஞ்சி மோர் மாதிரி ஓடியது. ஒரு சொட்டு தண்ணீர் ஊற்றவில்லை.

முளையில் ஒரு புரதம் இருக்கிறது, அது கத்திரி மாதிரி மாவுச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும் என்றார். அதற்குப் பெயர் என்சைம். கொதிக்கும்போது போட்டால் கத்திரி செத்துவிடும். வறுக்கும்போது தீய்த்தாலும் செத்துவிடும். நான் ஒருநாள் கொதியில் போட்டுப் பார்த்தேன். கஞ்சி கெட்டியாகவே நின்றது. புரதம் என்றால் சதை வளர்க்கிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். அது வேலையும் செய்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

வெட்டு நடந்து முடிந்ததும் ஒரு கொதி விட வேண்டும், மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும், பிறகு எண்ணெய் அளந்து ஊற்ற வேண்டும். முட்டை சேர்ப்பதானால் அவித்து மசித்து அரைத்து. பச்சை முட்டை கூடவே கூடாது. இந்த வரிசை மாறக்கூடாது. இத்தனை வருஷத்தில் நான் மாற்றியதில்லை.

இனி காதர் பாய்.

அந்தக் காலையில் சர்ஜன் போன பிறகு மேடம் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். குடுத்தத துன்னேன் மேடம் என்றார் பாய். முந்தாநாள்? அதேதான். முட்டை? பாய் ஜன்னலைப் பார்த்தார். நூர்ஜஹான் தரையைப் பார்த்தாள்.

மணியால் தாங்க முடியவில்லை.

“மேடம், பாய் மேல கோச்சுக்காதீங்க. அந்த முட்டையெல்லாம் நான்தான் துன்னுகினு கீறேன்.”

சிஸ்டர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. எப்போதிலிருந்து என்றார். வந்ததிலிருந்து என்றார் மணி. பாலும் கஞ்சியும்கூட அவருக்குத்தானாம். வீட்டில்கூட தனக்கு இப்படி யாரும் ஆக்கிப் போட்டதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

நூர்ஜஹான் அழவில்லை. நிமிர்ந்து பேசினாள்.

“நான்தான் குடுத்தேன். புண்ணுக்கு முட்ட ஆவாது, கறி ஆவாது, மீனு ஆவாது, சீழ் வெக்கும்னு ஊட்ல எல்லாரும் சொன்னாங்கோ. எங்க அத்தாவுக்கு கால்ல புண்ணு வந்தப்போ அப்பிடித்தான் பத்தியம் இருந்தாரு. திருப்பி அனுப்புனா நீங்க திட்டுவீங்கோ. கீழ கொட்டவும் மனசு வரல.”

அவள் கரையான்சாவடி வீட்டிலிருந்து தினமும் கொண்டுவந்தது வடித்த கஞ்சித்தண்ணீர். வறுத்த உப்பு போட்டது. பாய் குடித்தது அது மட்டும்தான். புண்ணுக்குப் பத்தியம் என்று எங்கள் தெருவிலும் அதைத்தான் செய்வார்கள். நானும் ஒரு காலத்தில் செய்திருப்பேன்.

மேடம் மணியின் போர்வையை விலக்கிக் காலைக் காட்டினார். புண் சிவந்து, ஓரத்திலிருந்து புதுத்தோல் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

“சீழ் வைக்கிறது கிருமி. முட்டை இல்லம்மா. இவர் காலைப் பாருங்க. உங்க வீட்டுக்காரர் முட்டைதான் அது.”

பாய் கழுத்தைத் திருப்பி அந்தக் காலை வெகுநேரம் பார்த்தார்.

“என் தோலு அவன் கால்லயா கீது?” என்றார்.

“திருப்பித் தர முடியாது பாய்” என்றார் மணி.

அன்று மதியமே பாய் முட்டை சாப்பிட ஆரம்பித்தார். வேலை செய்வது போலச் சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொள்வார். நூர்ஜஹான் ஊட்டுவாள், அவர் மென்று விழுங்குவார், வாயைத் திறப்பார். கவிச்சி அடிக்கிறது என்று ஒருநாளும் சொல்லவில்லை. மேடம் அளவைக் கூட்டினார். கூட்டினதையும் சாப்பிட்டார். மணியின் தட்டை நான் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம்கூட அசையவில்லை. உடம்பு எடை இறங்கியிருந்தது.

சிஸ்டர் அதைச் சொன்னதும் மேடம் வார்டிலிருந்து இறங்கினார். கிச்சனுக்கு வந்து, திரும்பி வந்த தட்டைக் கேட்டார். முட்டை இல்லை. கஞ்சி அப்படியே இருந்தது; முட்டையையே பார்த்துக்கொண்டிருந்ததில், தினமும் எழுதிவைத்த கஞ்சி எடையை நான் கவனிக்கவில்லை. கஞ்சியின் மேல் நான் ஊற்றி அனுப்பிய எண்ணெய் மட்டும் காணோம். ஓரத்தில் ஒரு காகிதம் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஸ்பூனால் வழித்து அதில் துடைத்திருக்கிறார்கள்.

மேடம் அந்தத் தட்டையே எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். நானும் போனேன்.

இந்த முறை பாய் மறைக்கவில்லை. டாக்டர் சொன்னது புரதம்தானே, அதைத்தான் ஒன்று விடாமல் சாப்பிடுகிறேன், இந்தக் கூழ் எதற்கு என்று கேட்டார். எண்ணெயும் புண்ணுக்கு ஆகாது என்பதில் நூர்ஜஹான் உறுதியாக இருந்தாள்; கஞ்சியாவது கொஞ்சம் போகட்டும் என்று அவள்தான் அதை வழித்திருந்தாள்.

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

“பாய், தேக்சாவுக்கு அடியில என்ன எரிப்பீங்க?”

“சவுக்கு வெறகு.”

“விறகு தீர்ந்துபோச்சு. அடுப்பு அணையக் கூடாது. என்ன பண்ணுவீங்க?”

“வாங்கியாரச் சொல்லுவேன்.”

“கிடைக்கல.”

பாய் யோசித்தார். “மண்டபத்து பெஞ்ச ஒடச்சிப் போடுவேன்.”

“அதைத்தான் உங்க உடம்பு பண்ணுது. வெந்துபோன உடம்பு சாதாரண ஆளைவிட அதிகமா எரிக்கும். மாவுச்சத்துதான் விறகு. அதை நீங்க திருப்பி அனுப்பறீங்க. நான் பெஞ்சு செய்ய மரம் அனுப்பினா, உடம்பு அதை அடுப்புல போட்டுடுது. தோலுக்கு மிச்சம் இல்ல.”

எண்ணெயைப் பற்றியும் சொன்னார். கொஞ்சத்தில் நிறைய எரியும் விறகு அது. அது மட்டுமில்லை. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றுச் சுவர் கொழுப்பால் ஆனது. புதுத்தோல் என்றால் புதுச் செல். சுவர் இல்லாமல் வீடு எப்படி நிற்கும் என்று நூர்ஜஹானைப் பார்த்துக் கேட்டார்.

பாய் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் நினைப்பதுண்டு.

“எல்லாத்தையும் துன்னுட்டேன்னு வெச்சுக்கோங்க. இங்க தோலாவணும், இங்க நகமாவணும்னு அதுக்கு யாரு சொல்றது?”

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் செய்முறை இருக்கு பாய். நூல் மாதிரி. அதுதான் டிஎன்ஏ. உங்க அம்மா பாதி, அத்தா பாதி குடுத்தது. செல் பிரியும்போது அதையும் நகல் எடுத்துக் குடுத்துடும். அது உங்ககிட்ட பத்திரமா இருக்கு. அதுக்கு டயட் கிச்சன் பொறுப்பில்ல. சாமானுக்குத்தான் நாங்க.”

பாய் தலையாட்டினார். செய்முறை தெரிந்த ஆள், சாமான் வராமல் நிற்கும் நிலைமை அவருக்குத் தெரியாததா.

“சரி மேடம். அரிசியும் உள்ள போவணும், எண்ணெயும் உள்ள போவணும். போவும். ஆனா இந்தக் கஞ்சி போவாது. இத்த ஆக்குனது யாரு?”

நான்தான் என்றேன்.

“யக்கா, தப்பா நெனைக்காத. இது போஸ்டர் ஒட்டறதுக்கு.”

எனக்குக் கோபம் வரவில்லை. வார்டுக்கு மொத்தமாகக் காய்ச்சும் கஞ்சி. அதில் ருசியை யாரும் தேடினதில்லை. நீங்களே சொல்லுங்கள், அப்படியே ஆக்குகிறேன் என்றேன். மேடம் குறுக்கிட்டார். அளவு நான் சொல்வது, உப்பு நான் சொல்வது, மிளகாய் கிடையாது, வீட்டிலிருந்து சமைத்தது எதுவும் வரக்கூடாது.

ஒரு பச்சை மிளகாய் என்றார் பாய். இல்லை என்றார் மேடம். வாசனைக்குப் போட்டு எடுத்துவிடலாம். அதுவும் இல்லை. பாய் பெருமூச்சு விட்டார். பட்டை ஒரு துண்டு? மேடம் யோசித்து, சின்னத் துண்டு என்றார். பெரிய சம்பந்தம் பேசி முடித்த மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து நூர்ஜஹான் தன் தெருக் கடையில் கோழி எலும்பும் கொஞ்சம் கறியும் வாங்கி, பச்சையாகக் கொண்டுவந்தாள். ரசீதில்லாத பொருளை உள்ளே விடமாட்டேன் என்று ஸ்டோர்காரர் சொன்னார். மேடம் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்.

பாய் கட்டிலில் படுத்தபடி சொல்வார், நான் கேட்டுக்கொண்டு கிச்சனுக்குப் போவேன். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பேற்ற வேண்டும், கொதிநீரில் போடக்கூடாது. நுரை கட்டக் கட்ட எடுக்க வேண்டும். தீ சின்னதாக, மேலே ஒரு குமிழி வந்தால் போதும். இஞ்சியைத் தட்டிப் போடு, பூண்டை முழுசாகப் போடு. வடிகட்டி, அந்தச் சாற்றில் சீரகச்சம்பா நொய்யைப் போட்டு, அரிசி வாய் திறக்கும் வரை வேகவிடு. கறியைப் பிய்த்து நூல் நூலாகச் சேர். கடைசியில் முட்டை வெள்ளைக்கரு. அதைத்தான் விரலால் காட்ட முடியாமல் வாயால் சொல்லத் திணறினார்.

“அடுப்ப அணைச்சிடு. கொதி அடங்கறதுக்கு முன்ன, ஒரு கையால கிண்டிகினே, இன்னொரு கையால நூலு மாதிரி ஊத்து. நின்னுட்டனா கட்டியாய்டும். நிக்காத.”

பிறகு சின்ன வெங்காயத்தை நெய்யும் எண்ணெயுமாக வதக்கி, மேடம் சொன்ன அளவு எண்ணெய் குறையாமல், அப்படியே மேலே கொட்ட வேண்டும். எண்ணெய் மிதக்கக் கூடாது, கிளறி உள்ளே கட்டிவிட வேண்டும். மிதந்தால்தானே வழித்தெடுப்பார்கள்.

முதல் நாள் ஒரு வாய் வாங்கிவிட்டு, பட்டை தூக்கலாக இருக்கிறது, என்ன அவசரம் உனக்கு என்றார். தட்டு பாதிக்குமேல் திரும்பியது. இரண்டாம் நாள் முட்டை கட்டியாகிவிட்டது. நின்னுட்ட இல்ல, என்றார். ஆமாம் என்றேன். அடுப்பில் இன்னொரு பாத்திரம் பொங்கியது, ஒரு நொடி திரும்பினேன். அது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்று பாதி சாப்பிட்டார்.

அதற்கடுத்த நாள் தட்டு வழித்துத் துடைத்து வந்தது. நான் மணியைப் பார்த்தேன். மணி இரண்டு கையையும் தூக்கினார்.

“யக்கா, சத்தியமா நான் இல்ல. வாசன மட்டும்தான் புடிச்சேன்.”

தராசில் வைத்தேன். தட்டின் எடை மட்டும் இருந்தது. மேடத்திடம் சொன்னேன். சரி என்றார். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு தினமும் அதே வேலை. காலையில் எலும்பு, மதியம் கஞ்சி, நடுவில் பாலும் முளைமாவும், சாயங்காலம் மறுபடி கஞ்சி. மற்ற வார்டுகளுக்கும் வேலை குறையவில்லை. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. பசி இல்லாத நாளிலும் சாப்பிட்டார். கட்டு மாற்றிய நாளில் வலி தாங்காமல் தாடை கிட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கும் சாப்பிட்டார். நூர்ஜஹான் ஸ்பூனை அவர் உதட்டில் வைத்துக்கொண்டு, அவர் வாய் திறக்கும் வரை அப்படியே நிற்பாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று சிஸ்டர் தானே கிச்சனுக்கு இறங்கி வந்தார். மூன்றைத் தாண்டிவிட்டது என்றார். புண்ணும் சிவந்திருந்தது. சர்ஜன் நாள் குறித்தார்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஒட்டினதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். மேடம் அப்படி நினைக்கவில்லை. இப்போது புண் இரண்டு இடத்தில், கையிலும் தொடையிலும். அளவை இன்னும் கூட்டினார். கட்டைப் பிரிக்கும் வரை அந்தத் தோல் பிடித்ததா விட்டதா என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே ஆக்கினேன். தெரியாமலே அவர் சாப்பிட்டார்.

பிரித்தபோது தோல் பிடித்திருந்தது. சுண்டுவிரல் அடியில் மட்டும் ஓர் இடம் கறுத்திருந்தது. அங்கே மட்டும் ஒட்டவில்லை என்றார் சர்ஜன். கையைப் பலகையில் வைத்துக் கட்டினார்கள். பிறகு பயிற்சி. விரலை மடக்கு, நீட்டு, மடக்கு. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வார். மணி அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது பாயிடம், கடை திறந்தால் முதல் பிரியாணி எனக்கு என்றார். முட்டை இல்லாமல் தருகிறேன் என்றார் பாய்.

பாயை வீட்டுக்கு அனுப்பிச் சில மாதம் கழித்து, சர்ஜனிடம் காட்ட கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். நூர்ஜஹான் கிச்சன் வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு சர்ஜன் அறைக்குப் போனேன். மேடமும் அங்கே நின்றிருந்தார். சர்ஜன் ஒரு கரண்டிக் காம்பை பாயின் உள்ளங்கையில் வைத்து, பிடியுங்கள் என்றார்.

பாய் கையைப் பார்த்தார். தோல் புதுசாக, சுருங்கி, வேறு நிறத்தில் இருந்தது. மெதுவாக மடக்கினார். கட்டைவிரல் வந்தது. பிறகு மற்றவை. சுண்டுவிரல் நிமிர்ந்தே நின்றது. அவர் மறுபடி முயன்றார். அது வரவில்லை. கரண்டி கீழே விழவில்லை.

நூர்ஜஹான் மடங்கிய விரல்களை வாய்க்குள் எண்ணினாள். நானும் எண்ணினேன்.

நான்கு.